முதலில் கொடுப்பவர் யார்? வியாபாரத்தில் நம்பிக்கை பற்றி ஓர் எளிய விளக்கம்

கந்தப்பளைப் பக்கம் ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு ரோட்டோரம் நின்று பார்த்தால் லொறியில் கரட் மூட்டை ஏறிக்கொண்டிருக்கும். விடிவதற்குள் அது தம்புள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும். மூட்டையை ஏற்றிவிடுகிறவருக்கு அந்த நேரத்தில் விலை தெரியாது. விலை அங்கே, விடியற்காலையில்தான் முடிவாகும். எத்தனை கிலோ அழுகல் என்று கழித்தார்கள், என்ன விலைக்குப் போனது, கமிஷன் எவ்வளவு, லொறிக் கூலி எவ்வளவு என்பதெல்லாம் அடுத்த நாள் ஒரு சீட்டில் எழுதி வரும், இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. மூன்று நான்கு மாதம் குனிந்து நிமிர்ந்து வளர்த்த பொருளை, காசும் வாங்காமல் விலையும் தெரியாமல், நேரில் இரண்டு மூன்று தடவை மட்டும் பார்த்த ஒருவருக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துத் தூங்குகிறார் அந்த மனுசன்.

அவரைத் தூங்க வைப்பது எதுவோ அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

வியாபாரத்துக்கு நம்பிக்கை முக்கியம் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் புதிதாகத் தொழில் தொடங்குகிற தம்பி தங்கைகளிடம் நம்பிக்கை என்றால் என்ன என்று கேட்டால், "நேர்மையாக இருப்பது" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். நேர்மை வேண்டும்தான், ஆனால் அது மட்டும் போதாது. நேர்மையான மனிதரை நம்பிக் காசை விட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அதேபோல, கொஞ்சமும் பழக்கமில்லாத ஆளோடு வருசக்கணக்கில் ஒரு சதம் பிசகாமல் வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் நம்பிக்கைக்குள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கேள்வி போதும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் முதலில் கொடுப்பவர் யார்?

எந்த வியாபாரத்திலும் யாராவது ஒருவர் முதலில் கையை விட்டாக வேண்டும். கடையில் சீனி வாங்கும்போது காசும் பொருளும் ஒரே நேரத்தில் கை மாறுவதால் நமக்கு அது தெரிவதில்லை. மற்ற எல்லா இடத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. பொருள் இன்றைக்குப் போகும், காசு பத்து நாள் கழித்து வரும். அல்லது காசு இன்றைக்குப் போகும், பொருள் அடுத்த வாரம் கூரியரில் வரும். மேசன் பாஸ் முற்பணம் வாங்கிக்கொண்டு போவார், திங்கட்கிழமை வருவார் என்று காத்திருப்போம். அந்த இடைவெளியில் ஒரு பக்கத்து ஆள் வெறுங்கையோடு நிற்கிறார். அவர் தாங்குகிற அந்தப் பயத்தைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைப்பது எதுவோ, அதுதான் வியாபார நம்பிக்கை. யார் முதலில் கொடுக்கிறார், எவ்வளவு கொடுக்கிறார், எத்தனை நாளைக்குக் கொடுக்கிறார் என்பதைப் பார்த்தால் ஒரு உறவில் நம்பிக்கை எவ்வளவு இருக்கிறது என்று கிட்டத்தட்ட அளந்தே சொல்லிவிடலாம்.

மலையகத்தில் இந்த இடைவெளி எப்போதுமே பெரியது. விளைகிற இடம் இங்கே, விற்கிற இடம் தூரத்தில். நம் மரக்கறிக்கு விலை தம்புள்ளையிலோ கெப்பட்டிபொலவிலோ கொழும்புப் பக்கத்திலோ முடிவாகிறது, நம் தேயிலைக்கு விலை கொழும்பு ஏலத்தில் முடிவாகிறது. மலையில் இருக்கிறவர் பெரும்பாலும் முதலில் கொடுக்கிறவராகவே இருக்கிறார். அதனால்தான் இந்த விஷயம் நமக்கு வெறும் நல்லொழுக்கப் பாடமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

சரி, முதலில் கொடுக்கிறவர் உண்மையில் எதை நம்புகிறார்? லொறிக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தங்கமான மனுசன், ஒரு கரட்டைக்கூடத் தொடமாட்டார். ஆனால் லொறி பழசு, ரம்பொடை இறக்கத்தில் மாதத்துக்கு ஒரு தடவையாவது நின்றுவிடுகிறது. அவரை நம்பலாமா? மனிதராக நம்பலாம், விடியற்காலைச் சந்தைக்குச் சாமான் அனுப்ப நம்ப முடியாது. இன்னொருவர் லொறி புதுசு, ஓட்டமும் கெட்டி, ஆனால் இறங்கும்போது மூட்டை எண்ணிக்கை ஒன்று குறையும். இவரிடம் திறமை இருக்கிறது, எண்ணம் சரியில்லை. மூன்றாமவர் திறமையும் உள்ளவர், நேர்மையும் உள்ளவர், ஆனால் போன் எடுக்கமாட்டார். வருகிறாரா இல்லையா என்று மழையில் நின்றுகொண்டு நாம்தான் பத்துத் தடவை அடிக்க வேண்டும். செய்ய முடியுமா, செய்ய மனசு இருக்கிறதா, நடப்பதை நமக்குச் சொல்வாரா என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள், "ஆள் நல்லவர்" என்ற ஒரு சொல்லுக்குள் நாம் எத்தனை விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறோம் என்று தெரியும். சொந்தக்காரருக்குக் கடன் கொடுத்துவிட்டுப் பிறகு கல்யாண வீட்டில் முகம் பார்க்க முடியாமல் நிற்பவர்கள் பலர் இந்தக் குழப்பத்தில் மாட்டியவர்கள்தான். மாமா நல்லவர் என்பது உண்மை. மாமாவால் மாதம் இருபதாயிரம் திருப்பிக் கட்ட முடியுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. அதை யாரும் கேட்கவே இல்லை.

என்னைக் கேட்டால், இந்த மூன்றில் புதியவர்கள் குறைத்து மதிப்பிடுவது மூன்றாவதைத்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நம்பிக்கை வேலை செய்கிற விதத்தைப் பார்க்க நல்ல இடம் தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள டவுன் கடை. தோட்டத்தில் சம்பளம் மாதம் பத்தாம் திகதி. அதற்கு முந்தைய நாட்களில் வீட்டில் காசு இருக்காது, ஆனால் மாவும் சீனியும் பருப்பும் தேவை. கடை முதலாளி கொடுப்பார், கொப்பியில் எழுதுவார். பழைய கடைகளில் இரண்டு கொப்பி இருந்தது, ஒன்று கடையில், இன்னொன்று வீட்டில். பிள்ளை சாமான் வாங்க வரும்போது வீட்டுக் கொப்பியையும் கொண்டுவரும், முதலாளி இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். சின்ன வயதில் அந்தக் கொப்பியை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். இப்போது யோசித்தால் அது எவ்வளவு புத்தியான ஏற்பாடு என்று தோன்றுகிறது. "என்னை நம்பு" என்று முதலாளி சொல்லவில்லை, நம்புவதற்குத் தேவையானதை நம் கையிலேயே கொடுத்துவிட்டார். எழுத்து வாசனை இல்லாத அப்பத்தாகூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

வேறு மாதிரிக் கடைகளும் இருந்தன. கொப்பி கடையில் மட்டும் இருக்கும், கடனுக்கு வாங்குகிறவருக்கு விலை ஒன்று, காசுக்கு வாங்குகிறவருக்கு விலை வேறு. கணக்குக் கேட்டால் முகம் சுருங்கும். அங்கேயும் சனம் வாங்கியது, வேறு வழி இல்லாததால். ஆனால் டவுனில் இன்னொரு கடை திறந்த அன்றைக்கே மொத்தச் சனமும் அந்தப் பக்கம் போய்விட்டது. வேறு வழியில்லாமல் வருகிற வாடிக்கையாளரை நம்பி வருகிறவர் என்று எண்ணிக்கொள்வது வியாபாரிகள் செய்கிற பெரிய தவறு, அதன் விலை பிறகுதான் தெரியும்.

இந்த வேறுபாடு மலையக மக்களுக்குப் புதிதல்ல. துண்டு முறை என்று தாத்தா பாட்டி பேசக் கேட்டிருப்பீர்கள். ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் பேரில் எவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கிற சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும், ஆள் போவார், கடன் அவர் முதுகிலேயே போகும். 1921இல் சட்டத்தால் அந்த முறை ஒழிக்கப்பட்டது. அந்தக் காலத்துத் துரைமார் கணக்கில் அது ஒழுங்கான ஏற்பாடாகத் தெரிந்திருக்கலாம், ஆட்களும் நின்றார்கள், வேலையும் நடந்தது. ஆனால் அங்கே நம்பிக்கை ஒரு சொட்டுக்கூட இல்லை, கடனால் கட்டிவைத்திருந்தார்கள். ஒருவர் நம்மோடு தொடர்ந்து வியாபாரம் செய்வதை மட்டும் வைத்து நம்பிக்கை இருக்கிறது என்று சொல்ல முடியாது. விலகிப் போக முடிந்தும் விலகாமல் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

இனி தராசுக்கு வருவோம், ஏனென்றால் நம் ஊர்களில் நம்பிக்கை உடைகிற முதல் இடம் அதுதான். பண்டாரவளை, பதுளைப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருப்பவர்கள் கொழுந்தைப் பறித்து ரோட்டுக்குக் கொண்டுவருவார்கள், பெக்டரி லொறி வந்து நிறுத்து எடுத்துக்கொண்டு போகும். ஈரக் கொழுந்து என்றால் தண்ணீருக்குக் கழிவு, முற்றிய இலை இருந்தால் அதற்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு. கழிக்கிறது நியாயம்தான், தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க யாரும் விரும்பமாட்டார்கள், ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து தேவைப்படுகிற தொழில் இது. சிக்கல் எங்கே என்றால், எவ்வளவு கழிப்பது என்பதை நிறுக்கிறவர் கண்ணால் பார்த்துச் சொல்கிறார். காசோ அடுத்த மாதம்தான் வரும். இந்த இரண்டு இருட்டும் சேர்ந்தால் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்?

இதற்காகத்தான் சில விஷயங்களைத் தனிமனித நல்ல குணத்துக்கு விடாமல் விதியாக வைத்திருக்கிறார்கள். தேயிலை விற்று வந்த சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் பெக்டரிக்கு என்பது அடிப்படைக் கணக்கு. வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிற தராசை ஒவ்வொரு வருடமும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் அதிகாரிகளிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். தராசில் முத்திரையைப் பார்ப்பதும், நிறுத்த எடையும் கழித்த எடையும் தனித்தனியாக எழுதிய சீட்டைக் கேட்பதும் யாரையும் அவமதிப்பதாகாது. நம் ஆட்களுக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு, கேட்டால் என்ன நினைப்பாரோ என்று. நல்ல வியாபாரிக்கு அந்தக் கேள்வி பிடிக்கும், ஏனென்றால் அவரையும் ஏமாற்றுக்காரரையும் பிரித்துக் காட்டுவது அந்தச் சீட்டுத்தான். சரிபார்க்க இடம் கொடுத்தால் நம்பிக்கை குறைந்துவிடும் என்று நினைப்பது தவறு, நான் பார்த்தவரை சரிபார்க்க முடிகிற இடத்தில்தான் அது வேர் விடுகிறது. நான்கு மாதம் சீட்டைப் பார்ப்பீர்கள், ஐந்தாம் மாதம் மடித்து அலுமாரியில் வைத்துவிடுவீர்கள்.

இதே விஷயத்தைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் கொழும்புத் தேயிலை ஏலத்தைப் பாருங்கள். முதல் பொது ஏலம் நடந்தது 1883இல். ஒவ்வொரு வாரமும் தோட்டங்களிலிருந்தும் பெக்டரிகளிலிருந்தும் வருகிற தேயிலையைத் தரகர்கள் பட்டியல் போட்டு, மாதிரிகளை வாங்குபவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். வாங்குகிறவர் அந்த மாதிரியை ஊற்றிச் சுவைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். அவர் வாங்கப்போகிற ஆயிரக்கணக்கான கிலோவை அவர் பார்ப்பதில்லை. பார்த்ததெல்லாம் ஒரு சின்னப் பொட்டலம். மூட்டைக்குள் இருப்பதும் பொட்டலத்தில் இருப்பதும் ஒன்றே என்ற நம்பிக்கையில் அவ்வளவு பெரிய வியாபாரம் நடக்கிறது. 2020இல் கொரோனா வந்து எல்லோரும் வீட்டில் அடைபட்டபோது, நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு மண்டபத்தில் சத்தம் போட்டுக் கேட்ட ஏலத்தைக் கணினித் திரைக்கு மாற்றினார்கள், மாறியது. கணினி நல்லது என்பதால் மட்டும் அது நடந்துவிடவில்லை. யார் தரகர், யார் வாங்குபவர், எத்தனை நாளில் காசு கட்ட வேண்டும், கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் முன்பே தெளிவாக இருந்தது. முகம் தெரியாதவர்களோடு வியாபாரம் செய்ய அன்பும் பழக்கமும் தேவைப்படுவதில்லை, தெளிவான விதியும் அதை மீறினால் பெயர் கெடும் என்ற பயமும் இருந்தால் காரியம் நடக்கும்.

ஆனால் அது உடையும்போது எப்படி உடைகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கட்ட வருடங்கள் ஆகும், உடைய ஒரு நாள் போதும்.

தேயிலைக்கு முன்னால் இந்த மலை முழுக்கக் கோப்பி. 1869இல் இலை நோய் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அந்தத் தோட்டங்களுக்கு நிறையக் கடன் கொடுத்திருந்தது ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். அந்தக் காலத்தில் அந்த வங்கி அச்சடித்த நோட்டுகள் நாட்டில் காசாகப் புழங்கின. 1884 மே மாதம் வங்கி கதவை மூடியது. யோசித்துப் பாருங்கள், காலையில் கையில் இருந்த காசு மத்தியானம் வெறும் காகிதம். அப்போது கவர்னராக இருந்த ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்த பிறகுதான் நிலைமை அடங்கியது. அதன் தொடர்ச்சியாகத்தான் இலங்கையில் அரசாங்கமே நோட்டு வெளியிடத் தொடங்கியது. காகிதம் மாறவில்லை, அதன் மேல் அச்சடித்த எழுத்தும் மாறவில்லை. பின்னால் நின்று "நான் தருகிறேன்" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதில்தான் எல்லாமே மாறியது.

அது பழைய கதை என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் நாம் எல்லோரும் 2022ஐப் பார்த்தவர்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முன்பே டொலர் இல்லை என்பது வெளியே தெரிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து சாமான் எடுக்கும்போது வங்கி கடன் கடிதம் ஒன்று திறக்கும், சாமான் வந்ததும் காசு நாங்கள் தருகிறோம் என்று வங்கி கொடுக்கிற வாக்கு அது. முன்பு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட வெளிநாட்டு விற்பனையாளர்கள் நம் வங்கிகளின் கடிதத்தை ஏற்கத் தயங்கினார்கள், முழுக் காசையும் முன்னாலேயே கேட்டார்கள். எண்ணெய்க் கப்பலும் காஸ் கப்பலும் காசு வரும்வரை கொழும்புக் கடலில் நின்றன. அதாவது, முதலில் கொடுப்பவர் யார் என்ற கேள்விக்குப் பதில் ஒரே இரவில் தலைகீழாகியது. அதன் பலன் எங்கள் ஊர் வரைக்கும் வந்தது. டீசல் இல்லாமல் லொறி ஓடவில்லை, லீக்ஸும் கோவாவும் தோட்டத்திலேயே அழுகின. நம்பிக்கை போனால் என்ன விலை என்று யாராவது கேட்டால் நான் அந்த அழுகல் வாசனையைத்தான் சொல்வேன்.

நாட்டுக்கு நடந்ததுதான் ஆளுக்கும் நடக்கும், அளவுதான் சின்னது. ஒரு தடவை காசோலை திரும்பினால் அடுத்த முறை "தம்பி, காசாகவே கொண்டுவந்துடுங்களே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சத்தம் போடமாட்டார்கள், சண்டை பிடிக்கமாட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து நீங்கள்தான் முதலில் கொடுக்கிறவர். முப்பது நாள் தவணையில் எடுத்த சாமானைக் கைக்காசு கொடுத்து எடுக்க வேண்டும், அதற்கான காசை வேறு இடத்தில் வட்டிக்கு வாங்க வேண்டும். வங்கிகள் பக்கம் இதை எழுதியே வைத்துவிட்டார்கள். 1990இன் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த கொடுகடன் தகவல் பணியகம், நாம் கிரிப் என்று சொல்வது, யார் எந்தக் கடனை எடுத்தார், ஒழுங்காகக் கட்டினாரா என்ற விவரத்தை வைத்திருக்கிறது. கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் அதைத்தான் பார்க்கும். கூட்டாளிக்காகப் பிணைக் கையெழுத்துப் போடும்போது நீங்கள் கொடுப்பது வெறும் கையெழுத்தல்ல, உங்கள் பெயரையே இரவல் கொடுக்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் அறிக்கையை நீங்களே காசு கட்டிப் பெற்றுப் பார்க்கலாம், தொழில் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது நல்லது.

அப்புறம், இன்றைய காலம். இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் போன் வழியாக வியாபாரம் செய்கிறார்கள். பேஸ்புக்கில் பக்கம், வாட்ஸ்அப்பில் ஓடர், கூரியரில் சாமான். ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு மன்னாருக்கு விற்கிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே பெருமை, ஏனென்றால் இடைத்தரகர் யாருமில்லாமல் நம் பொருளுக்கு நாமே விலை சொல்லக் கிடைத்த முதல் வாய்ப்பு இது. ஆனால் இங்கே அந்த இடைவெளி இன்னும் அகலம். வாங்குகிறவருக்கு உங்கள் கடை எங்கே என்று தெரியாது, உங்களுக்கு அவர் முகம் தெரியாது. சாமான் கையில் வந்த பிறகு காசு என்ற முறை நம் நாட்டில் இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம் அதுதான், முதலில் கொடுக்கிற பயத்தை வாங்குகிறவரிடமிருந்து எடுத்து விற்கிறவர் தலையில் வைக்கிற ஏற்பாடு அது. பார்சலை எடுக்காமல் திருப்பிவிட்டால் கூரியர் காசு விற்கிறவருக்கு நட்டம். அதனால் புதிய வாடிக்கையாளருக்கு அந்த முறை, இரண்டு மூன்று தடவை வாங்கியவருக்கு முன்பணம் கட்டினால் கொஞ்சம் கழிவு என்று பிரித்து வைப்பது நியாயமான வழி.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் சின்ன அளவில் தேயிலைப் பக்கெற் விற்கிறேன். ஒரு நாள் மாலை ஒருவர் பெரிய ஓடர் கொடுத்தார், வங்கியில் காசு போட்ட ஸ்லிப்பைப் படம் பிடித்து அனுப்பினார், அவசரம் என்றார், கூரியர் மூடுவதற்குள் அனுப்பிவிடச் சொன்னார். நானும் ஓடிப்போய் அனுப்பினேன். காசு வரவே இல்லை. ஸ்லிப் வேறு யாருடையதோ, தொகையையும் திகதியையும் மாற்றியிருந்தார்கள். அன்றைக்கு நான் படித்த பாடம் எளிமையானது. ஸ்லிப் என்பது ஒருவர் சொல்கிற சொல், கணக்கில் விழுந்த காசுதான் காசு. வங்கிக்கு வங்கி காசு உடனே போய்ச் சேருகிற காலத்தில் ஐந்து நிமிடம் பொறுத்துக் கணக்கைப் பார்ப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. அவசரப்படுத்துகிறவரிடம் மெதுவாகப் போங்கள், உண்மையான வாடிக்கையாளர் அந்த ஐந்து நிமிடத்துக்குக் கோபப்பட்டதை நான் இதுவரை பார்த்ததில்லை.

பெரிய தொகை என்றால் அந்த நிறுவனம் பதிவானதா என்று கேளுங்கள். தனி ஆள் கடைகளின் வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகம் வழியாக நடக்கிறது, கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் இருக்கும். பதிவு இருந்தால் ஆள் நேர்மையானவர் என்று ஆகிவிடாது, ஆனால் பிரச்சினை வந்தால் தேடிப் போக ஒரு முகவரி இருக்கும். கடைச் சாமானில் ஏமாற்று நடந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற எண்ணில் அழைக்கலாம். அப்புறம், இருவரைச் சேர்த்துவிடு, அவர்கள் இருவரைச் சேர்க்கட்டும், உனக்குக் காசு வரும் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் சொந்த அக்காவாகவே இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிரமிட் திட்டம் நம் நாட்டில் சட்டப்படி குற்றம், அப்படித் தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கியே வெளியிடுகிறது. அந்தத் திட்டங்கள் நம் லயங்களுக்குள் வருவதற்குப் பயன்படுத்துகிற கதவு நம்பிக்கைதான். அக்கா தங்கை, கூட்டு வேலை செய்கிறவர், கோவிலில் பக்கத்தில் உட்காருகிறவர். காசு போவதைவிட அந்த உறவு போவதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒரே லயத்தில் இருந்துகொண்டு வருசக்கணக்காகப் பேசாமல் இருக்கிற வீடுகள் இருக்கின்றன.

நம் பக்கத்துச் சீட்டு இதற்கு நேர் எதிர். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஐயாயிரம் போடுகிறார்கள், மாதம் ஒருவருக்கு ஐம்பதாயிரம். முதல் மாதம் எடுத்தவர் அதற்குப் பிறகு ஒன்பது மாதம் கட்ட வேண்டும், அவரைக் கட்டவைக்க எழுத்தும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. இருந்தும் பெரும்பாலும் நடக்கிறது. ஏனென்றால் எல்லோருக்கும் எல்லாமே தெரியும், யார் எடுத்தார், எத்தனை கட்டினார் என்று மறைக்க ஒன்றுமில்லை. யாரிடமிருந்து காசு வருகிறது என்று தெளிவாகத் தெரிவது சீட்டு, எங்கிருந்து இவ்வளவு லாபம் வருகிறது என்று கேட்டால் பதில் வராதது மற்றது. இந்த ஒரு கேள்வியை வைத்தே பாதிப் பிரச்சினையைத் தவிர்க்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர் நம்பிக்கையை எப்படிச் சம்பாதிப்பது? சின்னதாகத் தொடங்குங்கள் என்பது முதல் விஷயம், அதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. முதல் தடவை பத்துக் கிலோ, சரியாக நடந்தால் இருபது. கடன் வாங்கினால் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னால் கட்டுங்கள், சின்னத் தொகையாக இருந்தாலும்.

நான் நிறையச் சொல்ல விரும்புவது அந்த மூன்றாவது விஷயத்தைப் பற்றி, நடப்பதைச் சொல்வது. எல்லாம் சரியாகப் போகும் நாட்களில் யாருக்கும் யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியவராது. மண் சரிந்து ரோடு மூடுகிற நாள், மழையில் கோவா வெடித்துப்போகிற வாரம், வரவேண்டிய காசு வராததால் கொடுக்க வேண்டிய காசைக் கொடுக்க முடியாத பத்தாம் திகதி, அந்த நாட்களில்தான் நம்பிக்கை உண்டாகிறது அல்லது போகிறது. அப்போது நம் எல்லோருக்கும் இயல்பாக வருவது போனை எடுக்காமல் விடுவது. வெட்கம்தான் காரணம், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு வெட்கத்துக்கும் ஏமாற்றுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டுக்கும் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். "அண்ணே, பத்தாம் திகதி தரமுடியாது, பாதியைப் பதினைந்துக்குள் தருகிறேன், மீதி மாதக் கடைசியில்" என்று ஒன்பதாம் திகதியே சொன்னால் அவர் வேறு ஏற்பாடு செய்துகொள்வார். அதையே பன்னிரண்டாம் திகதி, அவர் ஐந்து தடவை அடித்த பிறகு சொன்னால், அதே சொற்கள் சாக்குப்போக்காகிவிடும். திட்டு விழும்தான். விழட்டும். திட்டுகிறவர் இன்னும் உங்களோடு வியாபாரம் செய்யும் எண்ணத்தில் இருக்கிறார், பேசாமல் விடுகிறவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் வவுனியாவிலிருந்து ஓர் ஐயா பி.ஓ.பி.எப். என்ற ரகத் தேயிலை நான்கு கிலோ கேட்டிருந்தார். அனுப்பியாயிற்று. ராத்திரி மிச்சப் பக்கெற்றுகளை எண்ணும்போதுதான் தெரிந்தது, அவருக்கு டஸ்ட் நம்பர் ஒன் என்ற வேறு ரகம் போயிருக்கிறது. நிறைய வீடுகளில் அதைத்தான் விரும்பிக் குடிப்பார்கள், சாயம் நன்றாக இறங்கும், அவர் வித்தியாசம் கண்டுபிடிக்காமலே போயிருக்கலாம். விலையும் அன்றைக்கு இரண்டுக்கும் ஒன்றல்ல. எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் பார்சல் அவர் கைக்குப் போவதற்கு முன்பே போன் எடுத்தேன். "ஐயா, தவறு நடந்துவிட்டது, நீங்கள் கேட்டது வரவில்லை, வேறு வருகிறது. அதை வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் கேட்டதை இன்றைக்கே அனுப்புகிறேன், காசு வேண்டாம்" என்றேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அந்த மாதம் எனக்கு அந்தக் காசு பெரிய காசு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவர் வாங்குவார். விலை கேட்டே வாங்குவார், சாமான் வந்த பிறகுதான் காசு போடுவார். போன மாதம் மகளுக்குக் கல்யாணம் என்று பதினைந்து கிலோ தேவைப்பட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்தது எப்படி என்றால், முதலில் போனில் வங்கிச் செய்தி வந்தது, கணக்கில் ஒரு தொகை விழுந்திருக்கிறது என்று. யார் போட்டார்கள் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் அவர் அழைத்தார். "காசு போட்டிருக்கேன் தம்பி, பத்தாட்டி சொல்லுங்க. கல்யாண வீட்டுக்கு எது நல்லா இருக்கும்னு நீங்களே பார்த்து அனுப்புங்க."